கிறுக்கல் கார்ட்டூனுக்கு எந்தப் பேனா? மைக்ரான் 05ம் ஒரு கட்டு வெத்து கார்டும்

தீர்ப்ப முதல்லயே சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க அதோட கிளம்பிடலாம். சட்டுனு ஒரு படம் கிறுக்கி, அதுக்கு கீழ கையால ரெண்டு வரி எழுதி, பாக்கறவங்கள சிரிக்க வைக்கணும்னா சகுரா பிக்மா மைக்ரான் 05ங்கற மெல்லிசு முனை பேனா ஒண்ணு, கோடு போடாத மூணுக்கு அஞ்சு இன்ச் இண்டெக்ஸ் கார்டு ஒரு கட்டு, இது போதும். பிரஷ் பேனா, ஸ்கெட்ச் பேனா, ஜெல், டேப்லெட்னு எல்லாத்தையும் இதே வேலைக்கு போட்டு பாத்தாச்சு, ஒவ்வொண்ணும் எங்க ஜெயிக்குது எங்க சொதப்புதுன்னு கீழ வருது.

எனக்கு படம் வரையத் தெரியாது, அத சொல்லிடணும். மூக்கு, கைவிரல், குதிரை இந்த மூணும் சுத்தமா வராது. தலைக்கு ஒரு வட்டம், கண்ணுக்கு ரெண்டு புள்ளி, உடம்புக்கு ஒரு கோடு, வாய் தேவைப்பட்டா மட்டும். இதுக்கு மேல ஒரு கோடு போட்டா படம் கெட்டுடும்ங்கற லெவல். ஆனா இந்த வகை படத்துக்கு அது போதும், சொல்லப்போனா அதுதான் வசதி, ஏன்னா படம் ரொம்ப அழகா வந்துட்டா ஆளுங்க "அட சூப்பரா வரைஞ்சிருக்கியே"ன்னு படத்த பாராட்டிட்டு ஜோக்க அப்படியே விட்டுட்டு போயிடுவாங்க. உதாரணத்துக்கு ஒண்ணு: கட்டில், அதுல ஒருத்தன் மல்லாக்க படுத்திருக்கான், கண்ணு ரெண்டும் பெரிய வட்டம், நடுவுல சின்ன புள்ளி. கீழ "இன்னிக்கு சீக்கிரம் தூங்கணும்னு முடிவு பண்ணி மூணு மணி நேரம் ஆச்சு". மொத்தம் பதினஞ்சு கோடு கூட இருக்காது. இதுல போர்வைக்கு மடிப்பு, தலகாணிக்கு நிழல்னு ஆரம்பிச்சா அவ்ளோதான், ஜோக் செத்துச்சு.

அதனால நான் பேனாவ பாக்கறப்ப "நல்லா வரையுதா"ன்னு மட்டும் பாக்கறதில்ல. படமும் எழுத்தும் ஒரே முனையில இருந்து வருதா, வந்தா ரெண்டும் உருப்படியா இருக்கா, இதுதான் என் பரீட்சை. படத்த ஒரு பேனால போட்டுட்டு வாசகத்த வேற பேனால எழுதினா, யாரோ வேற ஆள் வந்து கீழ விளக்கம் எழுதிட்டு போன மாதிரி ஆயிடுது. கம்ப்யூட்டர் எழுத்துரு போட்டா அத விட மோசம், கோணல் மனுஷன் பக்கத்துல ஆபீஸ் சர்குலர் பேசுது. அதே கோடு, அதே நடுக்கம், அதே கறுப்புல எழுத்தும் இருந்தாத்தான் அந்த கோணல் மனுஷனே பேசற மாதிரி இருக்கும்.

இது ஒண்ணும் புது சங்கதி இல்ல. ஜெனீவால ரொடால்ஃப் டொப்ஃபர்னு ஒரு வாத்தியார் இருந்தார், 1799ல பொறந்து 1846ல இறந்தவர், வேடிக்கையா படக்கதை கிறுக்கி ஒவ்வொரு படத்துக்கு கீழயும் தன் கையெழுத்துலயே வாசகம் எழுதுவார். அத அச்சடிக்கிறதுக்கு அவர் எடுத்துக்கிட்ட வழிதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. அப்பல்லாம் நேரா அச்சடிக்கற கல்லுலயோ தகட்டுலயோ வேலை பண்ணினா எழுத்த கண்ணாடில தெரியற மாதிரி இடம் வலமா மாத்தி எழுதணும், எவனுக்கு வரும் அது. இவர் ஆட்டோகிராஃபின்னு ஒரு முறைய பிடிச்சுக்கிட்டார், அதாவது பசை பூசின காகிதத்துல கொழுப்பு மையால சாதாரணமா எழுதி வரைஞ்சா அது அப்படியே கல்லுக்கு ஒட்டிக்கும், அச்சுல நேராவே வரும். அதனால அவர் பேனா எப்படி தாவிச்சோ அப்படியே புத்தகத்துல இருக்கு, படமும் எழுத்தும் ஒரே மூச்சுல. முகத்த எவ்ளோ மோசமா கிறுக்கினாலும் அதுல ஏதாவது ஒரு முகபாவம் இருந்தே தீரும்னு 1845லயே எழுதி வச்சுட்டும் போயிருக்கார். என்ன மாதிரி ஆளுக்கெல்லாம் அவர்தான் வக்கீல்.

சரி, பேனாவுக்கு வருவோம். மைக்ரான்ல முதல் குழப்பமே நம்பர்தான். 05னு போட்டிருந்தா 0.5 மில்லிமீட்டர்னு நினைப்போம், கிடையாது, 0.45. 01 வந்து 0.25, 03 வந்து 0.35, 08தான் 0.50. அப்புறம் 005னு ஒண்ணு இருக்கு, அது 0.20, அதுக்கும் கீழ 003, 0.15. அதாவது 05க்கும் 005க்கும் நடுவுல இருக்கிற அந்த ஒரு சைபர பாக்காம எடுத்தா வீட்டுக்கு வந்து தலைமுடி கனத்துல கோடு போட்டுக்கிட்டு இருக்கணும். மேல மூடில நம்பர் இருக்கும், ரெண்டு தடவ பாருங்க.

மை விஷயத்துல இது கில்லாடி. சகுரா 1921ல கிரயான் பண்றதுக்குன்னு ஆரம்பிச்ச ஜப்பான் கம்பெனி, இந்த பிக்மா மைய 1982ல கொண்டு வந்தாங்க. சாதாரண ஸ்கெட்ச் பேனால இருக்கறது தண்ணில கரைஞ்ச சாயம், காகித நார் எங்க போகுதோ அங்க அதுவும் போகும், அதான் ஓரம் பிசிறடிக்கிறது. பிக்மால இருக்கறது கரையாத நிறமித் துகள், தண்ணி காஞ்சதும் துகள் போட்ட எடத்துலயே உக்காந்துக்கும், அப்புறம் தண்ணி பட்டாலும் ஓடாது, வெயில்ல சீக்கிரம் வெளுக்காது. மேல வாட்டர்கலர் தடவணும்னா கூட காஞ்சப்புறம் தாராளமா தடவலாம். பெட்டி மேல வாட்டர்ப்ரூஃப்னு கொட்டை எழுத்துல போட்ட வேற ஒரு செட் வாங்கியிருந்தேன், பேர் வேணாம், ஈரக்கை பட்டதும் கார்டுல நின்னவனுக்கு ஒரு நிமிஷத்துல தாடி மொளச்சிடுச்சு.

இப்ப முக்கியமான பாயிண்ட். இந்த பேனா ரிவ்யூ எல்லாத்துலயும் ஏ பி சி டி எழுதி காட்டுவாங்க, நமக்கு அது எதுக்கு. நான் எந்த பேனா கைல எடுத்தாலும் முதல்ல எழுதறது "என் கண்ணாடிய கண்ணால பாக்கணும்". மூணு சுழி ணவும் ரெண்டு சுழி னவும் சின்ன எழுத்துல பிரிஞ்சு தெரியுதா, சுழிக்குள்ள வெள்ளை மிச்சம் இருக்கா? கார்டு சைசுக்கு எழுத்து ஒரு நாலு மில்லிமீட்டர் உயரம் வரும், அந்த உயரத்துல 05 போட்டா ண அழகா மூணு சுழியோட நிக்கும். தடிமனா 0.60, 0.70 முனையில எழுதினா சுழி அடைச்சுக்கிட்டு கறுப்பு கட்டியா நிக்கும், ஞ, இ, ஜ எல்லாத்துக்கும் இதே கதி. 005ல எழுத்து சுத்தமா இருக்கும் ஆனா படம் பயந்துக்கிட்டே போட்ட மாதிரி இருக்கும், கோட்டுல தைரியமே இருக்காது. 03 நடுவாந்தரம், பொடி எழுத்து எழுதறவங்களுக்கு அது சரிப்படலாம். எனக்கு 05லதான் படம், எழுத்து ரெண்டுக்கும் பஞ்சாயத்து இல்லாம போகுது.

அடுத்தது புள்ளி. மெய்யெழுத்து புள்ளிதான் தமிழ்ல எழுதறவனுக்கு உண்மையான சோதனை. 05ல ஒரு தட்டு தட்டினா புள்ளி புள்ளியா நிக்குது. பிரஷ் பேனால தட்டினா புள்ளி, அரை நொடி யோசிச்சா பொட்டு. ரொம்ப மெல்லிசு முனைல இன்னொரு தலைவலி, போன்ல ஸ்கேன் பண்ற ஆப்ப கறுப்பு வெள்ளைல போட்டா அது புள்ளிய தூசின்னு நினைச்சு தொடச்சிடும், "பட்டம்" போய் "படடம்" ஆகி நிக்கும், கமெண்ட்ல ஒருத்தர் கண்டிப்பா வந்து தமிழ் பாடம் எடுப்பார்.

குறை இல்லாம இல்ல. முனை பிளாஸ்டிக், அத ஒரு மெல்லிசு உலோக குழாய்க்குள்ள வச்சிருக்காங்க, அழுத்தி எழுதற கைக்கு இது ஆகாது, முனை மழுங்கும் இல்ல உள்ள போயிடும், மை பாக்கி இருக்கும் ஆனா பேனா போயிருக்கும். பால்பாயிண்ட்ல பரீட்சை எழுதி பழகின கைங்களுக்கு இந்த கெட்ட பழக்கம் ஜாஸ்தி. ரீஃபில் கிடையாது, முடிஞ்சா தூக்கி போட வேண்டியதுதான், அது எனக்கு மனசுக்கு ஒப்பல. பென்சில்ல போட்டுட்டு அது மேல இத ஓட்டி அப்புறம் ரப்பர் போட்டா கறுப்பு லேசா சாம்பல் அடிக்கும். ஆனா இந்த வேலைக்கு பென்சிலே வேணாம்ங்கறது என் கட்சி, பென்சில்ல போட்டு பேனால திருப்பி போட்டா கோடு ட்ரேஸ் பண்ண மாதிரி விறைச்சுக்கிட்டு இருக்கு.

பிரஷ் பேனால பென்டெல் பாக்கெட் பிரஷ்தான் பெரிய பேர், நைலான் முடி வச்ச நிஜ தூரிகை, உள்ள கார்ட்ரிட்ஜ் மாத்திக்கலாம், மையும் தண்ணிக்கு அசையாது. சூப்பரான பொருள், சந்தேகமே இல்ல. கோபத்துல கத்தறவனோட தலைமுடி, ஓடற நாயோட காது, "ஐயோ"ன்னு பெருசா ஒரு அலறல் இதுக்கெல்லாம் அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆனா அது கைல இருந்தா ஜோக் மறந்து போயிடும், கோடு தடிச்சு மெலிஞ்சு வர்றத பாத்து நாமளே சொக்கிப்போய் இன்னொரு மரம் வரையலாமான்னு தோணும். சின்னதா ரெண்டு வரி எழுதறது ரொம்ப கஷ்டம், எழுதினாலும் எழுத்து சத்தம் போடுது, முணுமுணுக்க வேண்டிய வசனம் எல்லாம் மேடைப்பேச்சு ஆயிடுது. ஒரு கார்டுல செடி ஒண்ணு, தொட்டில வாடி தொங்குது, பக்கத்துல ஒருத்தி குனிஞ்சு அதுகிட்ட அன்பா பேசிக்கிட்டு இருக்கா. செடி சொல்லுது, "தண்ணி ஊத்து, பேச்சு வேணாம்". இத மைக்ரான்ல எழுதினா செடி சலிச்சுக்குது. பிரஷ்ல எழுதினா செடி மிரட்டுது. எனக்கு சலிச்சுக்கற செடிதான் வேணும்.

ஸ்கெட்ச் பேனால பென்டெலோட சைன் பென், 1963ல வந்தது, நார் முனை. மை நார் வழியா தானா ஊறி வர்றதால புவிஈர்ப்பு தேவையில்ல, நாசாவோட ஜெமினி பயணத்துல விண்வெளிக்கெல்லாம் போயிட்டு வந்துச்சு. அவ்ளோ தூரம் போன பேனாவ ஒரு சொட்டு தண்ணி கலைச்சிடும், சாய மைதான. பெரிய தாள்ல ஒரே ஒரு முகமும் மூணு வார்த்தையும்னா இது ஜாலி, கோடு உருண்டு திரண்டு குழந்தைத்தனமா வரும். கார்டுல எழுத்து அடைச்சுக்கும். ஜெல் பேனா பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, வழவழ கார்டுல காய நேரம் எடுக்கும், இடது கைக்காரங்க எழுதிக்கிட்டே அழிச்சுக்கிட்டே போவாங்க. பால்பாயிண்ட நான் மட்டம் தட்ட மாட்டேன், லேசா அழுத்தினா சாம்பல், பலமா அழுத்தினா கறுப்புன்னு வேற எந்த பேனாலயும் இல்லாத ஒரு வசதி அதுல இருக்கு, ஆனா போன்ல போட்டோ எடுத்தா அந்த சாம்பல் காணாம போயிடுது.

டேப்லெட்டுக்கு வருவோம், இதுக்குதான் சண்டைக்கு வருவீங்க. வசதி எல்லாம் எனக்கும் தெரியும். ஸ்கேன் வேணாம், கலர் ஊத்தலாம், ல ள ழ தப்பானா திருத்திக்கலாம், உடனே அனுப்பலாம். முன்ன மாதிரி பேனா ஒரு பக்கம் போக கோடு பின்னாடி வர்ற கூத்தும் இப்ப இல்ல, ஆப்பிள் பென்சில்ல அந்த தாமதம் 20 மில்லிசெகண்டுல இருந்து 9க்கு வந்துட்டதா 2019லயே சொல்லிட்டாங்க. பிரச்சன வன்பொருள்ல இல்ல, ரெண்டு விரல தட்டினா போட்ட கோடு மன்னிப்பு கேட்டுட்டு மறைஞ்சு போயிடுது பாருங்க, அதுலதான். ஒரு வட்டத்த எட்டு தடவ போட்டு எட்டாவது வட்டம் ரொம்ப உருண்டையா வந்ததும் திருப்திப்படறோம், அதுக்குள்ள ஜோக் ஆறிப்போச்சு. இன்னொண்ணு ஜூம். எழுதறதுக்காக பெருசாக்கி எழுதுவோம், படத்த சிறுசா வச்சு வரைவோம், கடைசில முழுசா பாத்தா எழுத்து ஒரு சைசு, மனுஷன் ஒரு சைசு, கோட்டு தடிமன் வேற வேற. ஒரே முனைல இருந்து வரணும்னு மேல சொன்னேன்ல, ஜூம் அதத்தான் முதல்ல காலி பண்ணுது. டேப்லெட்டே கதின்னு இருக்கறவங்க ஒண்ணு பண்ணுங்க, ஜூம தொடாதீங்க, ஒரே பிரஷ் ஒரே சைசுல முடிங்க. பாதி வித்தியாசம் போயிடும்.

கார்டுல எழுத்து தப்பாச்சுன்னா ஒரே வழி, அடிச்சுட்டு மேல எழுதறது. அது பல சமயம் நல்லாவே இருக்கு, அடிச்ச வார்த்தையும் தெரியும் எழுதின வார்த்தையும் தெரியும், அதுவே ஒரு ஜோக்.

கார்டு சமாச்சாரம். மூணுக்கு அஞ்சு இன்ச்னா 76க்கு 127 மில்லிமீட்டர், உள்ளங்கைக்குள்ள அடங்கும், ஒரு ஆள் ஒரு பொருள் ரெண்டு வரிக்கு மேல எடமே கொடுக்காது, அந்த கஞ்சத்தனம்தான் இதுக்கு அழகு. பெரும்பாலும் ஒரு பக்கம் கோடு போட்டு வரும், கோடு இல்லாதத கேட்டு வாங்குங்க, இல்லேன்னா போட்டோல உங்க ஆள் ஜெயில் கம்பிக்கு பின்னாடி நிப்பான். ஜெராக்ஸ் தாள் 75, 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தன கிராம்ங்கற கணக்கு) இருக்கும், அதுல பின்பக்கம் நிழல் தெரியும், ஓரம் சுருளும். 160க்கு மேல இருந்தா போதும். விலை ஒசந்த ஸ்கெட்ச்புக் வேணவே வேணாம், நல்ல நோட்டுல மொக்கை ஜோக் போட யாருக்கும் மனசு வராது, கார்டுன்னா கிழிச்சு போட்டுட்டு அடுத்தது.

போஸ்ட்-இட்ங்கற ஒட்டு சீட்டுக்கும் ரசிகர்கள் உண்டு, நானும் பாதி ரசிகன். அந்த ஒட்டியும் ஒட்டாத பசைய 3எம் கம்பெனில ஸ்பென்சர் சில்வர்ங்கறவர் 1968ல கண்டுபிடிச்சு அத வச்சு என்ன பண்றதுன்னே தெரியாம இருந்தாங்க, 1974ல ஆர்ட் ஃப்ரைங்கறவர் பாட்டுப் புத்தகத்துல வச்ச அடையாள சீட்டு கீழ விழுந்துக்கிட்டே இருக்குன்னு அந்த பசைய தடவி பாத்தார், 1980ல கடைக்கு வந்துச்சு. மானிட்டர்ல ஒட்டி வச்சு பக்கத்து சீட்டுக்காரர வெறுப்பேத்தறதுக்கு இத மிஞ்சினது இல்ல. ஆனா சதுரம், 76க்கு 76, அதுல தமிழ் வார்த்தை உக்காராது. "யோசிச்சுக்கிட்டிருந்தேன்"னு ஒரே வார்த்தை முழு அகலத்தையும் தின்னுடும்.

அந்த வார்த்தை நீளம் கார்டுலயும் வேலைய காட்டும், அதனால வசன பலூன முதல்ல வரையாதீங்க. பலூன போட்டுட்டு உள்ள எழுத ஆரம்பிச்சா கடைசி நாலு எழுத்து சுவத்துல முட்டிக்கிட்டு நசுங்கி நிக்கும். முதல்ல எழுத்து, அப்புறம் அத சுத்தி வேலி. வார்த்தைய உடைக்கணும்னா வாய் எங்க மூச்சு விடுதோ அங்க உடைங்க, "யோசிச்சுக்கிட்டு" ஒரு வரி, "இருந்தேன்" அடுத்த வரி. வாசகத்துல படத்துல ஏற்கனவே இருக்கறத சொல்லாதீங்க. கட்டில்ல படுத்து முழிச்சுக்கிட்டு இருக்கறவன் கீழ "தூக்கம் வரல"ன்னு எழுதினா அது அறிக்கை. அலாரம் கடிகாரம் ஒண்ணு, போர்வைக்குள்ள ஒரு மூட்டை, கடிகாரம் "நான் என் வேலைய செஞ்சுட்டேன், இனி உன் பாடு"ன்னா அதுல மூட்டை யாரு என்ன நேரம்னு நாம சொல்லவே வேணாம். முகம் போடற இடத்துல புருவம் மட்டும் கவனிங்க, ரெண்டு புள்ளி கண்ணுக்கு மேல ரெண்டு சின்ன கோடு, உள்பக்கம் கீழ இறங்கினா கோபம், உள்பக்கம் மேல ஏறினா பாவம். அதே முகம், அதே வாய்.

போட்டோ எடுக்கும்போது ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல நேரா மேல இருந்து எடுங்க, லைட்டு தலைக்கு பின்னாடி இருந்தா உங்க தலையே ஜோக்குக்கு மேல நிழலா விழும். ஒட்டு சீட்டோட மஞ்சள் கறுப்பு வெள்ளைல அழுக்கு சாம்பலா மாறும், கலர்லயே விட்டுடுங்க.

வாங்கறதா இருந்தா ஒத்தையா ஒரு 05 வாங்குங்க, அது பிடிச்சா இன்னொரு 05. செட்டா வாங்காதீங்க, ஆறு பேனால ரெண்டுதான் தேயும். பக்கத்துல 08 வச்சுக்கிட்டா தடிமனா வரும்னு நினைக்காதீங்க, 0.45க்கும் 0.50க்கும் கார்டுல வித்தியாசம் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேணும். என் செட்டுல வந்த 005 இப்பவும் புதுசாதான் இருக்கு, கொசு வரையணும்னா மட்டும் எடுப்பேன்.